பேணுவோரைப் பேணுவோம்

சென்ற திங்கள் இப்பகுதியில் நம் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பைப் பற்றிச் சில சொல்லியிருந்தேன். இத்திங்கள் வீட்டின் மறுகோடியில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். பிள்ளைகள் தமக்கு வேண்டியதை அழுதேனும் கேட்டுப் பெற்றுவிடுவர். முதியோர் கேட்கத் தயங்குவர். கேட்கத் தொடங்கினாலும் பாதியில் நிறுத்திக்கொள்வர். அவர்களை இரவு பகலாகப் பேணுகின்றவர்களோ வாயே திறப்பதில்லை. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த வாய் திறவாதவர்களைப் பற்றியது.

முதலில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அல்சூரில் எனக்கு நெடுநாள் நண்பர் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாயாருக்கு இப்போது வயது 86. ஆரணிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மணமகளாக இந்நகருக்கு வந்தவர். நெசவுக் குடும்பம். வந்த சில ஆண்டுகளிலேயே கன்னடம் கற்று, காய்கறிக்காரியோடு பேரம் பேசுவதில் தெருவுக்கே வழிகாட்டியாக விளங்கியவர். ஐந்தாண்டுகளுக்கு முன் அவரை மறதி நோய் பற்றிக்கொண்டது. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தார். பின்னர் பேரனின் பெயரை மறந்தார். அதன் பின்னர் தம் வீட்டையே மறந்து, "என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்" என்று மாலைதோறும் அழத் தொடங்கினார்.

நான் திங்களுக்கு ஒருமுறையேனும் அவ்வீட்டுக்குச் சென்று வருவது வழக்கம். வாயிலில் நுழையும்போதே, "அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்பேன். நண்பரின் மனைவியார் காபி கொண்டுவந்து வைத்து, "அப்படியேதான் இருக்கிறார்கள், அண்ணா" என்பார். நான் காபியை அருந்திவிட்டு, ஊர்ச் செய்தி பேசிவிட்டு வந்துவிடுவேன். இவ்வாறு நான்கு ஆண்டுகள். அத்தனை முறை சென்றும், "நீ எப்படி இருக்கிறாய், அம்மா?" என்று அவரை ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நீண்ட நாளாக அவருக்கு நீரிழிவு உண்டு. இடது காலில் சிறு புண் ஒன்று தோன்றியிருக்கிறது. வலி தெரியவில்லை, நீரிழிவு கண்டவர்களின் காலில் உணர்ச்சி மங்கிப்போவதால் அது இயல்பே. நாளை காட்டலாம், நாளை மறுநாள் காட்டலாம் என்று ஆறு வாரம் கடந்துவிட்டது. அதற்குள் சீழ் உள்ளே இறங்கிவிட்டமையால் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. "ஏன் அம்மா முன்னமே டாக்டரிடம் போகவில்லை?" என்று நான் வினவியபோது அவர் சொன்ன விடை இதுதான்: "அத்தையைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது, அண்ணா? அவரும் ஊரில் இல்லை. போய்வர இரண்டு மணி நேரமாவது ஆகுமே."

இரண்டு மணி நேரம்! அத்தெருவிலே நம்மவர் குடும்பங்கள் பதினைந்துக்குக் குறையாது. எவரேனும் ஒருவர் ஒரு பிற்பகல் இரண்டு மணி நேரம் அந்த மூதாட்டியின் பக்கத்தில் அமர்ந்திருந்தால் அந்த விரல்கள் பிழைத்திருக்கும். அவர் யாரையும் கேட்கவில்லை. நாமும் யாரும் வலியச் சென்று சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அதே கணக்கில் இம்மாநில மக்களில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு ஒன்பதரைப் பேர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். அதன்பின் ஆண்டுகள் பல கழிந்துவிட்டமையால் இவ்விகிதம் இன்று கூடியிருக்குமேயன்றிக் குறைந்திராது.

பெங்களூரில் நம் முதியோர் இரு வகையினர். முதல் வகையினர் பிழைப்புத் தேடி இளமையிலே வந்து இங்கேயே மூத்தவர்கள். 1884-இல் தோன்றிய பின்னி ஆலையை நம்பித் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள், 1940-இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, 1948-இல் வந்த தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் வந்த எச்.எம்.டி., 1954-இல் வந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஓக்கலிபுரத்திலும் குடியேறியவர்கள் என இவர்கள் பலர். இவர்களுக்கு ஊர் தெரியும், மொழி தெரியும், அண்டை அயலாரையும் தெரியும். ஆனால் அந்த அண்டை அயலாரும் மூத்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறு பேட்டைகளுக்கும் வேறு நாடுகளுக்கும் சென்றுவிட்டார்கள்.

இரண்டாம் வகையினர் பிள்ளைகளின் பின்னே முதுமையில் வந்தவர்கள். மகன் ஒயிட்பீல்டிலோ எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியிலோ கணினிக் கம்பெனியில் பணிபுரிகிறான். தந்தை காலமானதும் தாயைத் தனியே விட மனமின்றி அழைத்து வந்துவிடுகிறான். அன்பினால் செய்வதுதான். ஆயினும் திண்ணையில் அமர்ந்து போவோர் வருவோருடன் பேசிப் பழகிய அந்த அம்மையார், பன்னிரண்டாம் மாடியில், மூடிய கதவுக்குப் பின்னே, மொழி தெரியாத ஊரில், காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை தனியே இருக்கிறார். உணவுக்குக் குறைவில்லை, மருந்துக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம்.

பேச்சு இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். மறதி நோய் வந்த வீடுகளில் அதன் பொருள் விளங்கும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் சற்று மேற்பட்டோர், அஃதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. இந்நோய் பலரிடம் அண்மை நினைவுகளை முதலில் கொள்ளைகொண்டு, இளமை நினைவுகளைப் பின்னுக்கு விட்டுவைக்கிறது. மொழியும் அவ்வாறே. பிற்காலத்தில் கற்ற மொழி முன்னே நழுவ, தொட்டிலில் கேட்ட மொழி நெடுநாள் நிலைத்து நிற்பதைப் பல குடும்பத்தார் கண்டிருக்கிறார்கள். என் நண்பரின் தாயாரிடம் கன்னடம் ஓராண்டுக்குள் முற்றும் மறைந்துபோயிற்று. அப்போது அவரைக் கவனிக்க ஏஜென்சி மூலம் வைத்திருந்த ஆயா நல்லவள். ஆனால் ஒடிசாவிலிருந்து வந்தவள். கிழவி "தாகமாக இருக்கிறது" என்பார். அவள் போர்வையைக் கொண்டுவந்து போர்த்துவாள். இருவர் மீதும் பிழையில்லை. மூன்றாம் வாரம் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

மொழியைப் பற்றிப் பேசும்போது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். டாக்டர் சுவர்ணா அல்லாடி என்னும் நரம்பியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஐதராபாத்தில் 648 மறதி நோயாளரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி அறிந்தவர்களைக் காட்டிலும் இரண்டு அல்லது பல மொழிகள் பேசுவோர்க்கு நோய்க்குறிகள் சராசரியாக நான்கரை ஆண்டுகள் பிந்தித் தோன்றின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. அந்த அம்மையார் இன்று நம் நகரின் நிம்ஹான்ஸ் நிலையத்தில் பேராசிரியர். ஆகவே இங்கு வாழும் தமிழர் கன்னடம் கற்பது அண்டை வீட்டாருக்குக் காட்டும் மரியாதை மட்டுமன்று. தம் மூளைக்குச் செய்துகொள்ளும் நன்மையுமாகலாம். அதற்காக இது நோயைத் தடுக்கும் மருந்து என்று எண்ணிவிடலாகாது. நோய் வந்த பின் வேண்டியது தாய்மொழிப் பேச்சே. அதைக் கொடுக்க எந்த ஏஜென்சியாலும் எளிதில் இயலாது. நம்மால் இயலும்.

மறதி என்றவுடன் "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் தவறு. தைராய்டுக் குறை, பி-12 என்னும் உயிர்ச்சத்தின் குறை, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மண்டைக்குள் இரத்தம் கசிந்திருத்தல், சில மருந்துகளின் கேடு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுள் பல தீரக்கூடியவை. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றினால் அது பெரும்பாலும் மறதி நோயன்று. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடலில் நீர் வறளுதல், உப்புக் குறைதல் போன்ற ஏதோ ஒன்று. அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும்.

இனி, பேணுவோரைப் பற்றி. நம் குடும்பங்களில் இவர் பெரும்பாலும் பெண். மருமகள், மகள், அல்லது தாமே முதியவரான மனைவி. சில வீடுகளில், மனைவிக்குச் சோறூட்டும் எழுபது வயதுக் கணவர். மணமாகாத மகனோ மகளோ வேலையை விட்டுவிட்டு வீட்டில் அமர்ந்திருப்பதும் உண்டு. இவர்களின் நாள் இரவு இரண்டு மணிக்குத் தொடங்குகிறது என்றால் மிகையாகாது. படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடின் முதுகில் புண் வந்துவிடும். எழுந்து நடமாடுகிறவராயின் இருளில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாரோ என்ற அச்சம். காலையில் குளிப்பாட்டவேண்டும், உணவு தொண்டையில் சிக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டவேண்டும். இவ்வளவும் செய்த பின், "என் மருமகள் எனக்குச் சோறே போடுவதில்லை" என்று அந்த முதியவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். அது நோய் சொல்லும் சொல் என்று அறிவுக்குத் தெரியும். ஆயினும் மனம் புண்படாமல் இராது.

இத்தகைய வீடுகளுக்குச் செல்லும் நாம் செய்யும் தீங்குகள் பல. ஊரிலிருந்து இரண்டு நாள் வந்து தங்கும் மகளோ மற்றொரு மகனோ, "அம்மா இளைத்துவிட்டார்களே, சரியாகக் கவனிப்பதில்லையா?" என்று கேட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். அடுத்த வீட்டார் தாம் கேள்விப்பட்ட பச்சிலையைச் சொல்கிறார்கள். நல்லெண்ணம் படைத்தவர்களோ, "உன்னைப்போல் யார் செய்வார்கள், நீ தெய்வம்" என்று புகழ்கிறார்கள். அப்புகழ்ச்சியும் ஒரு பூட்டே. தெய்வம் என்று அழைக்கப்பட்டவள் எனக்கு முதுகு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? இரவில் உறக்கமின்மை, காரணமின்றி எரிச்சல், தம் மருந்தையே மறத்தல், கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போவதை நிறுத்திவிடுதல், முதியவர் மீது கைநீட்டிவிட்டுப் பின்னர் தனியே அழுதல் ஆகிய இக்குறிகளைக் கண்டால் அந்த வீட்டுக்கு அறிவுரை தேவையில்லை. ஓர் ஆள் தேவை.

நம் நகரில் இருக்கின்ற உதவிகளை முதலில் அறிந்துகொள்வோம். 1998-இல் தோன்றிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட், 2002-இல் நகரக் காவல் துறையுடன் சேர்ந்து முதியோர்க்கென 1090 என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. பின்னர் 2010-இல் கஸ்தூரி நகரில் மறதி நோயாளர்க்கென ஓர் இல்லத்தையும் திறந்தது. நாடெங்கும் முதியோர்க்குப் பயன்படும் எண் 14567. மனம் சோர்ந்தவர்கள், பேணுவோர் உட்பட, எந்நேரமும் 14416 என்னும் எண்ணை அழைத்துப் பேசலாம். 2022-இல் தொடங்கிய இந்த டெலி-மானஸ் ஏற்பாட்டில் தமிழிலும் பேச வசதியுண்டு. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸில் முதியோர் மனநலத்துக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. புற்றுநோய் முற்றி, இனி மருத்துவத்தால் குணமாகாது என்ற நிலையை அடைந்தோர்க்கு, 1994-இல் நிறுவப்பட்ட பெங்களூர் ஹாஸ்பைஸ் டிரஸ்ட்டின் கருணாஸ்ரயம் பணம் வாங்காமல் வலிநீக்கமும் பராமரிப்பும் அளிக்கிறது. வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் அவர்களிடம் உண்டு.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுவதற்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் தாம் வாழும் மாவட்டத்திலோ பிள்ளைகள் வாழும் மாவட்டத்திலோ விண்ணப்பிக்கலாம். தாய் வேலூரிலும் மகன் பெங்களூரிலும் இருக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது கருதத்தக்கது. கருநாடகத்தில் உதவி ஆணையரின் அலுவலகமே இதற்குரிய இடம். முதியவர் தாமே செல்ல இயலாவிடில், அவர் ஒப்புதல் பெற்ற மற்றொருவரோ ஓர் அமைப்போ அவருக்காக விண்ணப்பிக்கலாம். வீட்டைப் பிள்ளைக்குத் தானமாக எழுதிக்கொடுக்க எண்ணுவோர், தம்மை இறுதி வரை பேணவேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நலம். நிபந்தனை மீறப்பட்டால் அப்பத்திரத்தை ரத்துச் செய்ய இச்சட்டத்தில் வழியுண்டு. ஆயினும் சட்டத்தால் சோறு வாங்கித் தரலாம்; மாலை வேளையில் பக்கத்தில் அமர்ந்து பேச ஓர் ஆளை வாங்கித் தர முடியாது. அது அக்கம்பக்கத்தாரால் ஆகவேண்டிய காரியம்.

இக்காரியத்தை நம் அண்டை மாநிலம் செய்து காட்டியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலியால் துன்புறுவோர்க்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். நோயாளி டாக்டரிடம் இருக்கும் நேரம் சில நிமிடங்கள். வீட்டில் இருக்கும் நேரமோ வாழ்நாள் முழுதும். எனவே மலப்புறம் முதலிய மாவட்டங்களில், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க இயன்ற எவரும் வரலாம் என்று அழைத்து, அவர்களுக்குப் பதினாறு மணி நேரப் பாடமும், நோயாளிகளின் வீடுகளுக்கு உடன் அழைத்துச் சென்று பயிற்சியும் அளித்தார்கள். கடைக்காரர், ஆசிரியர், கூலி வேலை செய்வோர், மாணவர் எனப் பலதரத்தாரும் சேர்ந்தனர். 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்துப் பஞ்சாயத்துகளின் கடமையாக ஆக்கியது.

கடல் கடந்து நோக்கினால் ஜப்பானியரைக் காண்கிறோம். 2005-இல் அவர்கள் சாதாரண மக்களுக்கு மறதி நோயைப் பற்றி ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடத்தி, முடித்தவர்களுக்குக் கையில் அணிய ஒரு செம்மஞ்சள் வளையம் கொடுக்கத் தொடங்கினர். இன்று அவ்வாறு பயின்றவர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர். கடையில் ஒரே பொருளைத் தினமும் வாங்க வரும் கிழவரைக் கண்டால் நகைக்காமல், அவரை மெல்ல வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

கோழிக்கோட்டார் கேட்டதும் இரண்டு மணி நேரம். என் நண்பரின் மனைவியாருக்குக் கிட்டாமற்போனதும் இரண்டு மணி நேரம். ஆகவே நம் சங்கத்தின் ஒவ்வொரு பேட்டையிலும் நான்கு ஐந்து பேர் கொண்ட ஒரு குழு, முறை வைத்துக்கொண்டு, முதியோர் இருக்கும் ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம் செல்லவேண்டும் என்பது என் வேண்டுகோள். செல்பவர் நர்ஸ் வேலை செய்யவேண்டியதில்லை. ஊசி போடவோ தூக்கிக் குளிப்பாட்டவோ வேண்டா. அமர்ந்திருந்து, தமிழில் பேசி, வீட்டுக்காரியை வெளியே அனுப்பினால் போதும். கருநாடக முகவரிச் சான்று உள்ள பெண்களுக்கு 2023 ஜூன் முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. ஆகவே தொலைவும் பெருந்தடையன்று.

செல்வோர்க்குச் சில குறிப்புகள். முதலாவது, ஒரே நாள், ஒரே நேரம் என்று வரையறுத்துக்கொள்க. "எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்பது உதவியன்று; கேட்கும் கூச்சத்தை அது பேணுவோர் தலையிலேயே சுமத்துகிறது. "வியாழன் மூன்று மணிக்கு வருகிறேன்" என்பதே உதவி. இரண்டாவது, நுழைந்ததும் முதியவரின் நலத்தோடு பேணுபவரின் நலத்தையும் பெயர் சொல்லிக் கேட்க. மூன்றாவது, முதியவரிடம் "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கலாகாது; நம் பெயரை நாமே சொல்லிவிடவேண்டும். அவர் தவறாகச் சொன்னால் திருத்தி வழக்காடவும் வேண்டா. இறந்துபோன அண்ணனைத் தேடினால், அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். நான்காவது, நேற்று என்ன உண்டார் என்று கேட்பதைவிட, பிறந்த ஊரின் ஏரியைப் பற்றியும் திருவிழாவைப் பற்றியும் பேச்செடுக்க. ஐந்தாவது, வீட்டார் சொல்லாத உணவையோ மருந்தையோ கொடாதீர். விழுங்குவதில் தடையுள்ளவருக்கு அன்பினால் ஊட்டும் ஒரு துண்டு இனிப்பும் ஆபத்தாகும். ஆறாவது, அவ்வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லாதீர். இது தவறினால் அடுத்த வாரம் எந்த வீட்டுக் கதவும் நமக்குத் திறக்காது.

பேணுவோர்க்கும் ஒரு சொல். உதவி கேட்பது அன்புக் குறைவன்று. இரண்டு மணி நேரம் வெளியே செல்வதால் மாமியாரைக் கைவிட்டவராக மாட்டீர்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அஞ்சுகிறீர்கள். அந்த நாலு பேரே முறை வைத்து வந்து உட்காரட்டும். அண்ணன் தம்பிமார் பிரிந்து வாழும் குடும்பங்களில், பணம் அனுப்புவதோடு தம் கடமை முடிந்தது என்று பிறர் எண்ணாவண்ணம், ஆண்டுக்கு இத்தனை வாரம் நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பாருங்கள். நீங்கள் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

அல்சூர் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். மருத்துவமனையிலிருந்து அந்த அம்மையார் திரும்பிய பின், தெருவார் நால்வர் கூடி வியாழக்கிழமைப் பிற்பகலைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவர் போளூரைச் சேர்ந்த விதவையம்மாள், வயது 68. அவரைக் கண்டால் மூதாட்டி தம் அக்காள் என்று எண்ணிக்கொள்கிறார். "பாவு போட்டாயிற்றா?" என்று கேட்கிறார். அவரும் மறுக்காமல், "ஆயிற்று, நீ சாப்பிட்டாயா?" என்கிறார். தறி, சாயம், தந்தையார் கூலி வாங்கப் போன சந்தை என்று இரண்டு மணி நேரம் பேச்சு ஓடுகிறது. வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அழுகை அன்று எழுவதில்லை. மற்ற நாட்களில் எழத்தான் செய்கிறது. நோய் தீர்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

நண்பரின் மனைவியார் அந்நேரத்தில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார். புண் ஆறிய பின் ஒரு வியாழனன்று, சோமேசுவரர் கோயிலுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கோயில் மணி வீட்டில் கேட்கும். நான்கு ஆண்டுகளாக மணியோசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது கைத்தடி ஊன்றி, மெல்ல நடந்து சென்று வந்திருக்கிறார். "நேரம் ஆகிவிட்டதோ என்று ஓடிவந்தேன், அண்ணா. வந்து பார்த்தால் இன்னும் அரை மணி இருந்தது. என்ன செய்வதென்றே தெரியாமல் படியில் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

அன்பர்களே, இவ்வாரம் நம் சங்க அலுவலகத்தில் இரண்டு குறிப்பேடுகள் வைக்கப்பட்டிருக்கும். ஒன்றில், வீட்டில் முதியோரைப் பேணி வருவோர் தம் பெயரையும் பேட்டையையும் எழுதலாம். அவருக்கு எழுதக் கூச்சமாயின் அண்டை வீட்டார் அவர் ஒப்புதல் பெற்று எழுதலாம். மற்றொன்றில், வாரம் இரண்டு மணி நேரம் தர இயன்றோர் தம் பெயரையும் வரக்கூடிய கிழமையையும் எழுதவேண்டும். ஓய்வு பெற்றோரும், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் நேரமுள்ள தாய்மார்களும், கல்லூரி மாணவரும் வரலாம். முதல் கூட்டத்தன்று மருத்துவர் ஒருவரை அழைத்து, அடிப்படையான செய்திகளை விளக்கச் செய்ய எண்ணியிருக்கிறோம்.

முதல் குறிப்பேடு விரைவில் நிரம்பிவிடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவதன் முதல் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன், கிழமை, செவ்வாய்.